கழற்றி வைத்த சக்கரம்

"கார்டுல கீறது யார் மூஞ்சி? பாத்து சொல்லுமே! கண்ணு தெரியலன்னா எதிர்க்க ஜெராக்ஸ் கடைல குட்த்து பெருசு பண்ணி பாரு!"

"மூஞ்சி உன்துதான்யா. மூஞ்சிக்கு கீய கீற சொம்பு யார்து? சொம்புல கீற கூளு யார்து? நீ குந்தினு கீற நாக்காலி யார்து?"

"நாக்காலி என்துமே!"

"செரி, நாக்காலி உன்து. எத்துக்கினு கெளம்பு!"

காலை ஏழு மணி. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு ரோட்டில் காஞ்சிபுரம் பஸ்ஸின் டிரைவர் வண்டியை எடுக்காமல் ஸ்டியரிங் மேல் கையை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் என் ஜெராக்ஸ் கடை ஷட்டரைப் பாதி தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். முழுசாகத் தூக்கினால் அந்தச் சத்தத்தில் இரண்டு வார்த்தை தவறிவிடும். எனக்கு அது ஆகாது.

சண்டை போட்டவள் கங்கம்மாள். ஏரிக்கரைக்குக் கீழே இருக்கும் இருளர் காலனியிலிருந்து தினமும் விடியற்காலை மூன்று சக்கர சைக்கிள் வண்டியை மிதித்துக்கொண்டு வருவாள். வண்டியில் இரண்டு அலுமினியக் குண்டானில் கேழ்வரகுக் கூழ், ஒரு தூக்கில் மோர், தொட்டுக்கொள்ள வெங்காயமும் மோர் மிளகாயும் சுட்ட கருவாடும். என் கடைக்கு எதிரே புங்கமரத்தடியில் பதினோரு வருஷமாக விற்கிறாள். நெல் மண்டி லோடு ஆட்கள், கண்டக்டர்கள், கோர்ட்டுக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் காலை நாஷ்டா அதுதான்.

எதிரே கழுத்தில் நீல நாடாவும் அட்டையுமாக உட்கார்ந்திருந்தவர் சுப்பிரமணி. ஆறு ஏக்கர் நிலம், அதைக் குத்தகைக்கு விட்டாகிவிட்டது. இடது முட்டி வேலை செய்யாது. வீட்டில் அவர் மனைவி சசிரேகா அக்கா சர்க்கரைக்குப் பயந்து ஓட்ஸ் கஞ்சி கொடுக்கிறாள். அதனால் 'வாக்கிங்' என்று சொல்லிவிட்டு வந்து மூன்று சொம்பு கூழ் குடித்துவிட்டுப் போவார். குத்துக்கால் வைத்து உட்கார முடியாது என்று தன் வீட்டு நாற்காலி ஒன்றை மரத்தடியில் நிரந்தரமாகப் போட்டிருந்தார்.

ஒன்றைக் கவனித்தேன். பதினோரு வருஷமாக அவரை 'நைனா' என்று கூப்பிட்டவள் அன்று காலை 'யா'வுக்கு இறங்கியிருந்தாள். அவருடைய 'மே' மட்டும் முதல் நாள் இருந்த இடத்திலேயே இருந்தது.

"ஏய், நான் இன்னா உன்ன தொரத்தியா உட்டேன்? நீ பாட்டுக்கு விய்யி. கார்டு என்கிட்ட கீட்டும். தெனக்கூலி போட்டு குட்த்துடறேன்."

"எனுக்கு கூலியா? என் கூளுக்கு, என் மரத்தாண்ட, நீ எனுக்கு கூலி குடுப்பியா?" கங்கம்மாள் கரண்டியைக் குண்டானுக்குள் போட்டாள். "இத்தினி வருசத்துல உன் வூட்டு வாசப்படிய நான் தாண்டனது இல்ல. நீயும் ஒரு நாள் வான்னு சொன்னது இல்ல. என் எடத்துல மட்டும் நீ வந்து குந்திக்குவியா?"

சுப்பிரமணி நாடாவை நேராக இழுத்துவிட்டுக்கொண்டார். காஞ்சிபுரம் பஸ் கண்டக்டர் விசில் ஊதினார். அத்தோடு அன்றைய பாகம் முடிந்தது.

அவர் கழுத்துக்கு அந்த அட்டை வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். ஆவணி மாசம் தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுத்தார்கள். பட்டியலில் பெயர் இருப்பவர்களுக்கு அடையாள அட்டை. பொங்கலுக்கு அப்புறம் அட்டை இருப்பவர்களுக்கு மட்டும் பஸ் ஸ்டாண்டு பின்பக்கம் கூரை போட்ட இடம். அட்டை இல்லாதவர்கள் ரோட்டில் எங்கேயும் நிற்கக் கூடாது. இதற்காக ஒரு கூட்டம் போட்டார்கள். எந்த அதிகாரி இந்த ஊருக்கு வந்தாலும் முதல் கூட்டத்தில் கோயில் கல்வெட்டையும் குடவோலையையும் ஒரு கால்மணி நேரம் பேசிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். இவரும் அப்படியே வந்தார். 'இன்ன தேதியில் கணக்கெடுப்பு, அனைவரும் தங்கள் கடையில் இருக்கவும்' என்று நோட்டீஸ் போட்டார்கள். இருநூறு நகல் நான்தான் எடுத்தேன். எல்லாரும் கை நீட்டி வாங்கினார்கள். ஆம்லெட் மடிக்க நல்ல அளவு.

அந்தத் தேதியும் வந்தது, ஜீப்பும் வந்தது. ஜீப்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. ரோட்டில் கடைகளைக் காலி செய்ய வரும் அதே பச்சை ஜீப்.

இந்த ரோட்டில் ஒரு பழக்கம் உண்டு. கோடியில் கல்தோசையும் ஆம்லெட்டும் போடும் ஜெகனுக்குத்தான் வளைவு தெரியும். ஜீப்பின் மூக்கு தெரிந்ததும் தோசைத் திருப்பியால் கல்லின் மேல் மூன்று அடி அடிப்பான். டங், டங், டங். அவ்வளவுதான். தள்ளுவண்டி, கூடை, தார்பாய் எல்லாம் சந்து சந்தாகப் புகுந்துவிடும். நோட்டீஸ் வாங்கியதும் கூட்டத்தில் தலையாட்டியதும் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. ஆனால் ஜெகன் கைக்கு ஞாபகம் இல்லை. அடித்துவிட்டான். அடி விழுந்ததும் யார் காலுக்கும் ஞாபகம் இல்லை.

ஓடுவதில் கங்கம்மாளை மிஞ்ச ஆள் கிடையாது. அடுப்பு இல்லை, எண்ணெய் இல்லை, சிலிண்டர் இல்லை. குண்டானை மூடி, சொம்புகளைக் கவிழ்த்து, மிச்சத் தண்ணீரை ஊற்றி இடத்தைத் துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுத்து, வண்டியோடு என் கடைச் சந்துக்குள் மறைய அவளுக்கு ஒன்றரை நிமிஷம். நான் செல்போனில் அளந்திருக்கிறேன். அப்புறம் வந்து பார்த்தால் அங்கே ஒரு கடை இருந்தது என்று புங்கமரமே சாட்சி சொல்லாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்றைக்கு மற்றவர்கள் பாதி மூட்டை கட்டும்போதே மாட்டிக்கொண்டார்கள். ஜெகனுக்கு சிலிண்டர் குழாய் கழலவில்லை. மாட்டியவர்களையெல்லாம் டேப்லெட் வைத்திருந்த பெண் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தாள், ஆதார் எண்ணை ஏற்றினாள், கைரேகை வாங்கினாள். சோம்பேறிகளுக்கெல்லாம் அட்டை. சுறுசுறுப்பாக ஓடியவள் பெயர் இல்லை.

அந்தப் பெண் பிரிஸ்கில்லா. செங்கல்பட்டுக்காரி, கணக்கெடுக்கும் ஏஜென்சியில் வேலை. புங்கமரத்தடிக்கு வந்தபோது அங்கே இருந்தது ஒரு நாற்காலி, அதில் எழுந்து ஓட முட்டி இல்லாத சுப்பிரமணி, அவர் கையில் பாதி குடித்த சொம்பு.

"இங்க கடை யாருதுங்க?" என்று கேட்டாள்.

சுப்பிரமணி சந்துப் பக்கம் பார்த்தார். கங்கம்மாளின் முந்தானை நுனி கூடத் தெரியவில்லை.

"நம்மளுதுதாம்மா. கூளு கடை. எய்திக்கோ," என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. இடம் கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்றுதான் சொன்னார். கங்கம்மாளும் அன்று, "நைனா என் எடத்த புட்ச்சி வெச்சாரு," என்று ரோடு முழுக்கச் சொல்லி, அவருக்கு நாலாவது சொம்பையும் ஊற்றினாள்.

கார்த்திகையில் அட்டை வந்ததும் மனுஷன் மாறிவிட்டார். அவருடைய தம்பிகள் இரண்டு பேர் உத்தியோகத்தில் இருந்தவர்கள். வீட்டு விசேஷத்துக்குக் கூட அடையாள அட்டையோடு நேராக ஆபீசிலிருந்து வந்து இறங்குவார்கள். நிலத்தோடு நின்றுவிட்ட இவருக்கு அறுபத்திமூன்று வயசில்தான் கழுத்தில் ஒரு நாடா விழுந்தது. அரசு முத்திரை, போட்டோ, சுப்பிரமணி, தொழில்: கூழ் விற்பனை. பெருமாள் கோயிலுக்கு அதைப் போட்டுக்கொண்டே போனார். அர்ச்சகர் தீபாராதனைத் தட்டை நீட்டியபோது அட்டையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாராம். இதை எனக்குச் சொன்னவள் சசிரேகா அக்காவே.

"ஆறு ஏக்கரா வெச்சிக்கினு ரோட்ல கூளு விக்கப் போறாராம்," என்று ரேஷன் கார்டு நகல் எடுக்க வந்தவள் என்னிடம் அரை மணி நேரம் அழுதாள். நகல் ஒன்றுதான் எடுத்தாள்.

கங்கம்மாள் அழுகிற ஜாதி இல்லை. சண்டை நடந்த அன்று மத்தியானமே குண்டான்களைக் கழுவிவிட்டு வந்து என் கடையில் நின்றாள்.

"அக்கா, ஒரு மனு அடி. கார்டு என்து. அந்தாளு கூளு குடிக்கறவரு, விக்கறவரு இல்ல. அவ்ளோதான். அத்தயே நீட்டா எய்து."

மனு அடித்தேன். கூடவே பேரூராட்சி ஆபீசுக்கும் போனேன். வேடிக்கை பார்க்க இல்லை. ஓரிடத்தில் கைநாட்டு வாங்க மறந்திருந்தேன்.

அதிகாரி நல்ல மனுஷர், உட்காரச் சொன்னார். கங்கம்மாள் உட்காரவில்லை. ஆட்சேபணை தெரிவிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் பதினோரு வருஷம் அங்கே வியாபாரம் செய்ததற்கு ஏதாவது அத்தாட்சி வேண்டும் என்றார்.

"இன்னா மாரி சார்?"

"அபராதம் போட்ட ரசீது இருந்தா கூடப் போதும்மா. தேதி, இடம் எல்லாம் அதுல இருக்கும். அந்த ஆம்லெட் கடைக்காரர் பதினாலு ரசீது காட்டினார்."

காட்டாமல் என்ன? அந்தப் பதினாலையும் லேமினேட் செய்து கொடுத்ததே நான்தான்.

"நான் ஒரு வாட்டி கூட மாட்டனது இல்ல சார்," என்றாள் கங்கம்மாள், நிமிர்ந்து.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு தடவை கூடவா?"

"பதினோரு வருசத்துல ஒரு வாட்டி கூட," என்று சொல்லும்போதே அவள் முகம் மாறியது. பெருமையாக ஆரம்பித்த வாக்கியம் முடிவதற்குள் அதுவே அவளுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. போட்டோ எடுத்து வரச் சொன்னார்களே என்று நான் மரத்தடியைப் படம் எடுத்துப் போயிருந்தேன். ஜெகன் நின்ற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கில் தார் ரோடே பளபளக்கும். அவள் இடத்தில் ஒரு கறை கிடையாது. அத்தனை சுத்தம். அதிகாரி படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

கடைசியில் ஒரு வழி சொன்னார். பொங்கலுக்குள் ஒரு நாள் மறுசரிபார்ப்புக்கு ஆள் வரும். எந்த நாள் என்று யாருக்கும் சொல்ல மாட்டார்கள். தகராறு இருக்கிற இடத்தில் அந்த நேரம் யார் நின்று வியாபாரம் செய்கிறார்களோ அவர்கள் பெயர்தான் பட்டியலில் நிற்கும். சுப்பிரமணிக்கும் இதே தகவல் போனது.

வெளியே வந்ததும் கங்கம்மாள் சொன்னாள்: "நிக்கணும். அவ்ளோதானேக்கா? நின்னுட்டு போறேன்."

அந்த வாரத்திலிருந்தே புங்கமரத்தடியில் இரண்டு கூழ்க்கடை. சுப்பிரமணி விட்டுக்கொடுக்கவில்லை. மாவைப் புளிக்க வைத்து, நொய்யரிசி போட்டுக் காய்ச்சி, ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுநாள் காலை மோர் விட்டுக் கையால் கரைக்க வேண்டும். இரண்டு நாள் வேலை. சசிரேகா அக்கா அடுப்பறைப் பக்கமே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இவரே செல்போனில் பார்த்துக் கிளறினார். முதல் நாள் கூழில் எலுமிச்சம்பழ அளவில் கட்டிகள் மிதந்தன.

"நைனா, இத்த குடிக்கறதா, கடிக்கறதா?" என்றான் லோடு இறக்கும் ஒருவன்.

"குடிடா. ஒடம்புக்கு நல்லது."

"வேணாம் நைனா, ஒடம்பு நல்லாத்தான் கீது."

ஆனால் மனுஷன் தினமும் வந்தார். மழையில் குடை பிடித்துக்கொண்டு, நாடா வெளியே தெரிய, அதே நாற்காலியில். ஒருத்தரும் வாங்காத கூழை மத்தியானம் மாட்டுத் தொட்டியில் ஊற்றிவிட்டு மறுநாள் மறுபடி வந்தார். அவள் கூழை ஒரு வாய் கேட்கவில்லை. தன் கூழைக் குடிக்கவும் அவரால் முடியவில்லை. சட்டை தொளதொள என்று ஆனது. பிடிவாதத்தில் இரண்டு பேருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை, கூழில்தான் வித்தியாசம்.

மார்கழி பிறந்து நாலாம் நாள். ஜீப் வந்தது. டங், டங், டங்.

ஜீப்பில் வந்தது கொசு மருந்துப் புகை மெஷின். அது தெரிந்து எல்லாரும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தபோது மரத்தடியில் சுப்பிரமணி மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். கங்கம்மாளைக் காணோம். நான் சந்துக்குள் எட்டிப் பார்த்தேன். வண்டி ஹேண்டிலைப் பிடித்தபடி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். குண்டான் மூடியிருந்தது, சொம்புகள் கவிழ்ந்திருந்தன, எல்லாம் ஒழுங்காக. அவள் உதடு மட்டும் வெளுத்திருந்தது.

"இன்னா கங்கா, நிக்கறேன்னு சொன்னியே?"

"நான் நிக்கத்தான் நின்னேங்கா. காலு போயிட்ச்சி." கீழே குனிந்து தன் பாதத்தைப் பார்த்தாள். "நான் சொல்றத இது கேக்கல. இது ஜெகன் சொல்றதத்தான் கேக்குது."

"அவங்க மட்டும் இன்னிக்கு நெசமாவே வந்திருந்தா?"

"போயிருக்கும்," என்றாள். "எடமும் போயிருக்கும், மறுபடியும் ஊரு ஊரா போயி கரும்பு வெட்டத்தான்." ஊரை விட்டு ஊர் போய் ஆறு மாசம் கரும்பு வெட்டி வந்தவள்தான் அவள், இந்த மரம் கிடைப்பதற்கு முன்னால். அந்தக் கதையை எனக்கு ஒரு தடவைதான் சொன்னாள். நான் துருவியும் இரண்டாம் தடவை சொல்லவில்லை.

மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கும்போது அவள் வாசலில் நின்றாள். கையில் ஸ்பேனர். இன்னொரு கையில் சைக்கிள் வண்டியின் முன்சக்கரம். எதிரே வண்டி, மூக்கின் கீழ் இரண்டு செங்கல் முட்டுக்கொடுத்து, புங்கமரத்தடியில் நின்றது.

"இத்த உள்ள வெச்சிக்கோக்கா. வேவாரம் முடியறவரைக்கும் குடுக்காத. நானே வந்து கேட்டாலும் குடுக்காத."

"அழுதுக்கினே கேட்டா?"

"நான் எங்க அழுதேன்?"

அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்குச் சக்கரம் உள்ளே வரும், பதினொரு மணிக்கு வெளியே போகும். லேமினேஷன் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் வைப்பேன். ஒருவருடைய பட்டா நகலில் கிரீஸ் பட்டுப் பெரிய ரகளை ஆனது. ஜெகன் அவளுக்கு 'ரெண்டு சக்கரத்தம்மா' என்று பெயர் வைத்தான். "ரெண்டு சக்கரத்தம்மா, ஜீப்பு வந்தா இன்னா பண்ணுவ?" என்று அங்கிருந்தே கத்துவான். "உன்ன தோசக்கல்லு மேல குந்த வெப்பேன்," என்பாள். ஆபீஸ் வேலையாக பிரிஸ்கில்லா வந்து போகும் செங்கல்பட்டு பஸ் நேரமாகப் பார்த்து இவன் ஏன் சட்டை மாற்றுகிறான் என்று அப்போதே எனக்குச் சந்தேகம். ஆனால் அது வேறு விஷயம்.

சுப்பிரமணி சக்கரத்தைப் பார்த்தார், செங்கல்லைப் பார்த்தார். அன்று கூழை வழக்கத்தைவிட அதிக நேரம் கரைத்துக்கொண்டிருந்தார்.

மார்கழி இருபத்திரண்டு. பனி இன்னும் விலகவில்லை, பெருமாள் கோயில் ஸ்பீக்கர் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. முந்தின நாள் ஒரு லோடு ஆள் பாவம் பார்த்து சுப்பிரமணி கடையில் ஒரு சொம்பு குடித்துவிட்டு, மண்டிக்குப் போகாமல் வீட்டுக்கும் கொல்லைக்குமாக நடந்தான் என்று ரோட்டில் பேச்சு. அதனால் அன்று சுப்பிரமணிக்கு முகமே சரியில்லை. அப்போது டங், டங், டங். அதோடு ஜெகன் தொண்டை கிழியக் கத்தினான்.

"ஃபுட் ஆபீசருங்கோ சாம்பிள் எடுக்க வராங்கோ! கூளு சாம்பிள்!"

ரோடே எழுந்தது. கழுத்தில் அட்டை தொங்கத் தொங்க எல்லாரும் ஓடினார்கள். ஓடத் தேவையில்லை என்பதற்குத்தான் அந்த அட்டை. அதையே கையால் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அந்தக் கூட்டத்தில் நொண்டிக்கொண்டு, குண்டானை இடுப்பில் அணைத்துக்கொண்டு, கூழ் வேட்டியெல்லாம் வழிய, என் கடைச் சந்துக்குள் புகுந்தவர் சுப்பிரமணி. அந்த முட்டிக்கு அத்தனை வேகம் எங்கிருந்து வந்ததோ, டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நான் என்ன செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பயத்தில் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். "கங்கா! இந்தா, மாட்டு! சீக்கிரம்!"

கங்கம்மாள் என்னைப் பார்த்தாள். அவள் கால் நடுங்குவது ரோட்டின் இந்தப் பக்கத்திலிருந்தே தெரிந்தது. புடவைக் கொசுவம் ஆடிக்கொண்டிருந்தது.

"உள்ள வெய்யிக்கா."

"ஜீப்பு வருதுடி!"

"தெரிது. வெய்யி."

குண்டான் மூடியைத் திறந்தாள். வலது கையை முழங்கை வரைக்கும் கூழுக்குள் விட்டாள். கரைக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே கரைத்த கூழ். அதையே மறுபடி கரைத்தாள். கை அத்தனை ஆழத்தில் இருக்கும்போது கால் தனியாக எங்கே போகும்? ஜீப் வந்து புங்கமரத்துக்கு நேராக நின்றது. அவள் தலை நிமிரவில்லை.

பிரிஸ்கில்லா இறங்கினாள். ரோட்டை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு செருப்பு, ஒரு கவிழ்ந்த தக்காளிக் கூடை, ஆள் இல்லாத நாற்காலி ஒன்று.

"இங்க கடை யாருதும்மா?"

"என்துதாம்மா."

"பேரு?"

"கங்கம்மா. ஏரிக்கர காலனி."

"எல்லாரும் ஓடறாங்க, நீங்க ஓடலையா?"

"சக்கரம் இல்லம்மா," என்றாள் கங்கம்மாள்.

பிரிஸ்கில்லா வண்டியைச் சுற்றி வந்து செங்கல்லைப் பார்த்தாள். எதிர்க்கடை வாசலில் சக்கரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற என்னையும் பார்த்தாள். டேப்லெட்டில் ஏதோ தட்டினாள். கைரேகைதான் படுத்தியது. கூழ்க்கை, மூன்று தடவை கழுவி, முந்தானையில் துடைத்து, நாலாவது தடவை பச்சை விளக்கு எரிந்தது.

அதற்குள் சந்திலிருந்து சுப்பிரமணி வந்துவிட்டார். வேட்டி நனைந்து காலில் ஒட்டியிருந்தது. ஜீப்பில் சாம்பிள் எடுக்கிறவர்கள் யாரும் இல்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"சார், பட்டியல்ல இந்த இடத்துல உங்க பேரு இருக்கு," என்றாள் பிரிஸ்கில்லா. "நான் வந்தப்ப நீங்க இல்லையே?"

அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஜெகன் ஏமாற்றினான் என்று கத்தியிருக்கலாம், கொல்லைக்குப் போனேன் என்று சொல்லியிருக்கலாம். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவர் கங்கம்மாளின் காலைப் பார்த்தார். அது இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

"அன்னிக்கு அவ ஓடனா, நான் குந்தினு இருந்தேன். நீ வந்து என்ன எய்திக்கினே," என்றார். "இன்னிக்கு நான் ஓடனேன், அவ நிக்கறா. எய்திக்கோமா. கணக்கு செரியாத்தான் கீது."

நாடாவைத் தலை வழியாகக் கழற்றினார். காதில் மாட்டிக்கொண்டது, இழுத்து எடுத்தார். கார்டை ஒப்படைக்கும் கடிதத்தை என் கடையில்தான் அடித்தோம். 'எனக்கு இத்தொழில் தெரியாத காரணத்தால்' என்று நான் போட்டேன். 'தெரியாத' என்பதை எடுத்துவிட்டு 'வராத' என்று போடச் சொன்னார். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, நாற்காலியைத் தூக்கப் போனார்.

"நைனா," என்றாள் கங்கம்மாள். "நாக்காலிய வெச்சிட்டு குந்து." சொம்பை நீட்டினாள். "மூஞ்ச பாரு, காஞ்சி போயி கீது. மொளகா ரெண்டு வெக்கவா?"

"மூணு வெய்யிமா," என்றார் சுப்பிரமணி. 'மே' எங்கே போனதென்று தெரியவில்லை. நாலு சொம்பு குடித்தார். பிரிஸ்கில்லா ஒரு சொம்பு குடித்தாள். ஜெகன் சந்திலிருந்து தலையை நீட்டி, சாம்பிள் என்று தனக்கு யாரோ போன் செய்து சொன்னதாகச் சத்தியம் செய்தான். போன் செய்தது யார் என்று நான் கேட்டதற்கு பிரிஸ்கில்லா டேப்லெட்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.

பொங்கல் கழிந்து கங்கம்மாளின் அட்டை வந்தது. போட்டோவில் அவள் தோளுக்குப் பின்னால் வண்டி மூக்கும் செங்கல்லும் தெரியும். கழுத்தில் போட மாட்டாள்; மோர்த் தூக்கின் காதில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். இப்போது கூரை போட்ட இடத்தில் மூன்றாம் நம்பர் அவளுடையது. பக்கத்து இடத்துக்காரன் ஜெகன். அங்கிருந்தும் அவனுக்கு வளைவு தெரிகிறது.

பங்குனியில் ஜெகனுக்கும் பிரிஸ்கில்லாவுக்கும் செங்கல்பட்டில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் ஒரு மாசம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தார்கள், அப்புறம் பிரியாணிக்கு வந்துவிட்டார்கள். அவள் ஏஜென்சி வேலையை விட்டுவிட்டு, என் கடைக்குப் பின்னால்தான் குடியிருக்கிறாள். காலையில் அவனுக்கு வெங்காயம் நறுக்கிக் கொடுக்கிறாள். போன வாரம் சொட்டு மருந்து ஜீப் வந்தபோது ஜெகன் கல்லில் மூன்று தட்டு தட்டினான். சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடியவள் இந்த ஊர்ப் பட்டியலையே எழுதியவள்.

சுப்பிரமணியும் சசிரேகா அக்காவும் சித்திரையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு காஞ்சிபுரம் பக்கம் ஓரிக்கைக்கு மகன் விஜய்யிடம் போய்விட்டார்கள். முட்டிக்கு அங்கேதான் வைத்தியம். போகும் முன் சசிரேகா அக்கா கங்கம்மாளை வீட்டுக்குள் கூப்பிட்டு, கூழுக்கு உப்பு எப்போது போடுவது என்று கேட்டு எழுதிக்கொண்டாளாம். எழுதிய காகிதம் தொலைந்துவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறேன். மூன்றாம் நம்பரில் கிடக்கும் நாற்காலியை மட்டும் அவர்கள் எடுத்துப் போகவில்லை.